கதவு கேட்ட கேள்வி

விமலாராணி வீட்டுக் கதவு, கேட்கும் கேள்விக்கு மூன்று நொடிக்குள் சரியான பதில் சொன்னால்தான் உள்ளிருந்தும் திறக்கும். எதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவள் கணவன் திவாகர்தான் முடிவு செய்திருந்தான்: விளையாட்டு வரலாறு. மட்டையைக்கூடத் தொட்டறியாத அவள் எட்டு மாதமாகத் தனியாக வெளியே போகவில்லை. அவன் மேட்ச் பார்க்கும்போதெல்லாம் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, வர்ணனையாளர்கள் பேசுவதை மனப்பாடம் செய்தாள்.

அன்று காலை தங்கை போனில் அழுதாள். "அம்மாவை ஐசியுவுல வச்சிருக்காங்க. உடனே வாக்கா."

அவள் கதவருகே போய் நின்றாள்.

"முதல் உலகக் கோப்பைக் கால்பந்து எந்த நாட்டில் நடந்தது?"

"உருகுவே." கதவு திறந்தது.

படியிறங்குவதற்குள், கதவு திறந்த தகவல் தன் போனுக்கு வந்ததும், திவாகர் அவளை அழைத்துக் கத்தினான். "யாரைக் கேட்டு வெளிய போன? இன்னிக்கே கேள்வியெல்லாம் மாத்திடறேன்."

"மாத்திக்குங்க," என்றாள். "பதில் சொல்ல நான் உள்ள இருக்க மாட்டேன்."