பூட்டு சாரின் இன்னொரு ஃபோல்டர்

"கஸ்டமர் லிஸ்ட்ல பாதிப் பேரைக் காணோம். ஒளிச்சு வச்சுட்டார் பாரு உன் பக்கத்து சீட்டு மனுஷர்," என்றாள் கணக்குப் பிரிவு அக்கா, புதுப் பெண்ணின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து.

அட்டைப்பெட்டி விற்கும் அந்த அலுவலகத்தில் அவள் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பக்கத்து சீட்டுக்காரருக்குப் பூட்டு சார் என்று பெயர் வைத்ததே இந்த அக்காதான். இழுப்பறைக்கு ஒரு பூட்டு, வாய்க்கு ஒரு பூட்டு. ஸ்டேப்ளரை இரவல் கொடுத்தால், கூடவே நின்று திரும்ப வாங்கிக்கொண்டு போகிற ஆசாமி.

"உங்க மெயில்ல இருக்கற கஸ்டமர் கான்டாக்ட்ஸ் எல்லாத்தையும் இந்தப் பொண்ணுக்கும் ஷேர் பண்ணிடுங்க," என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பூட்டு சார் சரி என்றார். ஆனால் மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு, ஒவ்வொரு பெயராகப் பார்த்து, யோசித்து, சிலரை மட்டும் ஒரு புது ஃபோல்டரில் போட்டார். அதை மட்டும்தான் ஷேர் செய்தார். மிச்சம் இன்னொரு ஃபோல்டரில், அவரிடமே.

"பிஸ்கட் கம்பெனி இல்ல, மருந்துக் கம்பெனி இல்ல. பெரிய ஆர்டர் தர்றவங்க ஒருத்தரும் இல்ல. சாறைத் தான் வச்சுக்கிட்டு சக்கையை உனக்குத் தள்ளிட்டார்," என்றாள் அக்கா.

மூன்று மாதத்துக்குள் ஆர்டர் பிடித்துக் காட்டினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். கணவனுக்கு வேலை இல்லை; வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. போதாக்குறைக்கு, பதற்றம் வந்தால் அவளுக்குப் பேச்சு திக்கும். முதல் நாள் எல்லார் முன்னாலும் தன் பெயரைச் சொல்வதற்குள்ளேயே விழி பிதுங்கிவிட்டது. முந்தைய வேலை போனதும் இதனால்தான்.

தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு ஒரு பொம்மைக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"சார், நா... நா..."

"மெதுவாச் சொல்லும்மா. நான் எங்கயும் ஓடிப் போயிடல," என்றார் அந்தப் பக்கத்துப் பெரியவர்.

சோப்புக் கம்பெனி அம்மா, "அவசரப்படாதே கண்ணு, எனக்கும் கொஞ்சம் பேச்சுத் துணை வேணும்," என்று சிரித்தாள். செருப்புக் கம்பெனிக்காரரோ, அவள் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

சின்னச் சின்ன ஆர்டர்கள்தான். ஆனால் சிறுகச் சிறுகச் சேர்ந்தன. போகப் போகத் திக்கலும் குறைந்தது.

"எனக்கு வாய்ச்ச கஸ்டமர் எல்லாரும் தங்கம்," என்று கணவனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அவங்க புள்ளை குட்டியோட நல்லா இருக்கட்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வாள். பூட்டு சாரை நினைத்தால் மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

வேலை நிரந்தரமான அன்று சாக்லேட் டப்பாவோடு ஒவ்வொரு மேஜையாகப் போனாள். பூட்டு சார் சீட்டில் இல்லை.

"அந்த மகானுக்கு எதுக்கு? மூடி வை," என்றாள் அக்கா.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மூடினாள்.

அந்த நேரம் பார்த்து அவர் மேஜை போன் அடித்தது. விடாமல் அடிக்கவே, எடுத்தாள்.

"பிஸ்கட் கம்பெனி. நேத்தே வர வேண்டிய பெட்டி எங்கே?"

"சார், அ... அது வந்து..."

"என்ன இழுவை இது? பேசத் தெரியாததையெல்லாம் எதுக்குப் போன் எடுக்க விடறாங்க? அந்த ஆளைக் கூப்பிடு."

அதற்குள் வந்துவிட்ட பூட்டு சார், அவள் முகத்தைப் பார்த்ததுமே ரிசீவரை வாங்கிக்கொண்டார். "சொல்லுங்க சார்... ஆமா சார்... தப்புதான் சார்..." எதிர்முனைக் கூச்சல் அடுத்த வரிசைவரை கேட்டது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல போனை வைத்தார்.

"இவர் எப்பவும் இப்படித்தானா சார்?"

"இன்னிக்குப் பரவாயில்ல. மருந்துக் கம்பெனிக்காரர் கோபத்துல இவருக்கு அண்ணன்."

அவள் சாக்லேட் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சார், அன்னிக்கு எனக்குக் குடுக்காம வச்சுக்கிட்டீங்களே, அ... அந்த ஃபோல்டர்ல யா... யா..."

"யார் யார் இருக்காங்கன்னு கேக்கறா," என்று அக்கா குறுக்கே புகுந்தாள்.

பூட்டு சார் அக்காவைக் கையமர்த்தினார். பிறகு அவள் பக்கம் திரும்பிப் பேசாமல் இருந்தார்.

"...யார் சார் இருக்காங்க?"

"பேசி முடிக்கறவரைக்கும் காத்திருக்கத் தெரியாதவங்கம்மா," என்றார்.