ஓரத்தில் ஒரு வெள்ளைக் கை

இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, கேமரா பதிந்தபடியே வைத்திருக்கும் ரா (RAW) படங்களைத் திருத்தப் பழகிக்கொண்டிருந்தாள் பூங்கோதை. முதலில் திறந்தது, மகள் பிறந்த வாரம் இன்குபேட்டரில் கிடந்த படம். திரையில் எந்த நிற அளவை இழுத்தாலும் குழந்தை மஞ்சளாகவே இருந்தது.

"ஓரத்துல யாரோட கையோ நிக்குது பாரு. மொதல்ல அத வெட்டி எடு" என்றான் கணவன் தீர்த்தகிரி.

குழந்தைக்கு மூச்சு நின்றபோது ஓடிவந்து மீட்ட நர்ஸின் வெள்ளைக் கோட்டுக் கை அது. பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

படத்தில் வெள்ளையான ஒன்றைத் தொட்டுக் காட்டினால் மற்ற நிறங்கள் தாமாகச் சரியாகும் என்று படித்திருந்தாள். அந்தக் கையைத் தொட்டாள். மஞ்சள் வடிந்து, மகளின் கன்னம் சிவந்தது.

"இப்ப வெட்டிரலாம்ல?"

வெட்டும் கட்டத்தைப் பிடித்தாள். அந்த நர்ஸின் முகம் வரைக்கும் வராதா என்று, படத்தின் விளிம்பைத் தாண்டி மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.