வால் சக்கரத்துக்குக் காவல்

"உன்னில எனக்கு நம்பிக்கை இல்லை. திரும்பக் கழட்டு."

கோபிசங்கர் சொன்னதும் சுதர்ஷினி விமானத்தின் வாலடியில் குந்தினாள். அவள் தேயிலைத் தோட்டத்து ஃபிட்டர். அவன் கம்பெனியின் சின்ன விமானத்தை ஓட்டுகிறவன். ஷெட் கதவை அவனே உள்ளே தாழ் போட்டிருந்தான்.

போன வாரம் புல்தரையில் இறங்கும்போது இதே வால் சுழன்றடித்து, ஓரமாகக் கூடையோடு நடந்துபோன வேலாயியின் இடுப்பை முறித்துவிட்டது. சுதர்ஷினியைப் பெற்றவள் அவள்தான்.

வேலாயி வடிகால் கானில் வழுக்கி விழுந்ததாகக் கம்பெனி கூசாமல் சொல்லிவிட்டது. விசாரணைக்காரர்கள் இன்று நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்குகிறார்கள். வாலிலுள்ள நசுங்கலை அவர்கள் பார்க்கும் முன் விமானம் பறந்துவிட வேண்டும். அதற்கு உடைந்த வால் சக்கரத்தை மாற்ற வேண்டும். மாற்றத் தெரிந்த ஒரே ஆள் இவள். நன்றாக மாட்டிக்கொண்டான்.

ஒரு பின்னைப் போடாமல் விட்டாலும் அவன் கதை முடிந்தது. கண்கொத்திப் பாம்பாக நின்று பார்த்தான்.

அவள் பெயாரிங்கைக் கழுவினாள், கிரீஸ் திணித்தாள், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தாள், நட்டை முடுக்கிப் பின்னை மடக்கினாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழும்பும்போது உதட்டோரம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

போதாதா? மறுபடி கழட்டச் சொன்னான்.

மறுபடி மாட்டினாள். மறுபடியும் அந்தச் சிரிப்பு.

சனியன் எதைச் செய்து வைத்திருக்கிறாளோ என்று அவனுக்குத் தலை வெடித்தது. அவளைத் தள்ளிவிட்டுத் தானே குந்தினான். ஒவ்வொரு நட்டாக முடுக்கிப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகவே இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

கதவைத் திறந்தான்.

ஓடுபாதை முழுக்கப் பெண்கள். கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஓரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மலை உச்சிப் பிரிவான மேற்கணக்கின் லயன் வீடுகளிலிருந்து கடைசிக் கூட்டம் அப்போதுதான் இறங்கி வந்துகொண்டிருந்தது.

பின்னால் சுதர்ஷினி கைக் கிரீஸைத் துடைத்தாள்.

"மேக்கணக்கு ஆளுங்க வந்து சேர நேரமாகுமேன்னு பயந்துகிட்டே இருந்தேங்க சார். நல்லவேளை, நீங்க திரும்பத் திரும்பக் கழட்டச் சொன்னீங்க."