லோஷன் வாடை

“மோந்து பாருங்கக்கா! தரை தொடைக்கற லோஷன் வாடை அடிக்குதா இல்லியா?”

நித்யஸ்ரீ தன் ஒன்றரை வயது மகள் நந்திதாவை ரிஃபத்தின் முகத்துக்கு நேராக நீட்டினாள். குழந்தையின் தொடையிடுக்கு வெந்ததுபோல் சிவந்து, தோல் உரிந்திருந்தது.

சரவணம்பட்டியில் தன் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிற ரிஃபத் குனிந்து புண்ணைப் பார்த்தாள். “அல்லா மேல ஆணைங்க. வெந்நீர்ல நனைச்ச துணியாலதான் தொடைச்சு உடுவேன். வேற ஒண்ணுமே போடலைங்க.”

“புள்ளை தானா வெந்து போச்சாக்கும்?”

“உடு அம்மணி,” என்று மதன்குமார் மனைவியின் தோளைத் தொட்டான். “எதுக்குச் சண்டை? வேற எடம் பாத்துக்கலாம்.”

அதிர்ந்து பேசத் தெரியாதவன். சொந்தமாகக் கம்பெனி தொடங்கப்போகிறேன் என்று வேலையை விட்டதிலிருந்து, மகளைக் குளிப்பாட்டி உடுப்புப் போட்டுவிடுவதெல்லாம் அவன்தான். புண்ணைக்கூட நாள் தவறாமல் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வான். இப்படி ஓர் அப்பன் யாருக்கு வாய்ப்பான் என்று நித்யஸ்ரீ பூரித்துப்போவாள்.

அன்றைக்கே அடுக்கக வாட்ஸப் குழுவில் காப்பகத்தைப் பற்றி எழுதிப்போட்டாள். ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ரிஃபத் கதவைப் பூட்டிவிட்டு உக்கடத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பேச்சு வந்தது.

நித்யஸ்ரீ ஆபீசுக்கு லீவு போட்டு மகளோடு வீட்டிலேயே இருந்தாள். புண் ஆறவில்லை, இடுப்புக்கும் ஏறியது. ஒருநாள் காலை குழந்தை குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டுத் துவண்டு விழவே, இருவரும் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா தொடையிடுக்கில் அப்பியிருந்த வெள்ளைப் பசையை விரலில் எடுத்து முகர்ந்தார்.

“கிருமி மருந்து கலந்த க்ரீம் மாதிரி இருக்குதுங்க. இந்த வயசுக் கொழந்தைக்குக் கண்டதையும் பூசலாமா? உரிஞ்ச தோல் வழியா ரத்தத்துலயே கலந்துருமே! யாரு பூசுனது?”

“காப்பகத்துலதானுங்க...” என்று வாயெடுத்த நித்யஸ்ரீ அப்படியே நின்றாள். நந்திதா காப்பகத்துக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. பசையோ இன்னும் ஈரமாக இருந்தது.

டாக்டரம்மா சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போனார்.

ஊசி குத்திய அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்தபடி நித்யஸ்ரீ கணவனை ஏறிட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க... தெரியாமப் பூசிப்போட்டீங்களா? சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடத் தயாராக இருந்தாள்.

மதன்குமார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நம்ம கம்பெனி க்ரீம்தான் அம்மணி. ஊர்க் கொழந்தைகளுக்கு விக்கறதுக்கு முன்னால, ஒரு கொழந்தைக்காச்சும் போட்டுப் பாக்க வேண்டாமா?”