வீட்டுப்பாட நோயாளி

டிப்ளமோ நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, புளோரா பி.எஸ்ஸி. படிக்கச் சேர்ந்தாள். கல்லூரி வீட்டுப்பாடமாக ஒரு நோயாளியையே அனுப்பி வைத்தது. சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு உடம்பு கிடையாது, நோய் மட்டும் உண்டு. முன்னறைக் கணினித் திரையில் இருந்துகொண்டு, நிஜ நோயாளிகளைப் போலவே பொய் சொல்வார். அவரிடமிருந்து உண்மையை வரவழைத்தால்தான் மதிப்பெண்.

புளோரா டியூட்டி முடிந்து வந்து, திரைக்கு முன்னால் படித்தபடியே அங்கேயே தூங்கிவிடுவாள். மதியம் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் அவள் கணவர் அல்போன்ஸுக்குப் பேச்சுத்துணை அண்ணாச்சிதான்.

அன்று மாலை அவள் கேட்டாள். “ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“நல்லா தூங்குதேன் சிஸ்டர்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த அல்போன்ஸ் சிரித்தார். “பொய் சொல்லுதாரு. படுத்தா மூச்சு முட்டுதாம், ரெண்டு தலகாணி வச்சுத்தான் படுக்காராம். ரெண்டு பத்தாது, மூணு வையும், எனக்கு அதுதான் சரியா இருக்குன்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

புளோரா நாற்காலியை அல்போன்ஸ் பக்கம் திருப்பினாள்.

“கால நீட்டுங்க.”

வீங்கியிருந்த கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

“கைய கழுவிட்டுச் சட்டையப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். இது இருதயக் கோளாறா இருக்கும், இப்பவே பாத்தா சரி பண்ணிரலாம்.”

“அது ஒண்ணுமில்ல, கடையில ரொம்ப நேரம் நின்னதுல...”

“விடும் அல்போன்சு,” என்றார் திரையிலிருந்து அண்ணாச்சி. “நான் சொல்லாத பொய்யா? சிஸ்டர்கிட்ட ஒண்ணும் எடுபடாது.”