பதினோராவது பிரதி

சக்கரம் கழற்றிய பழைய மாடி பஸ் ஒன்றுக்குள் ராத்திரிதோறும் ஆட்டமும் பாட்டும் நடக்கும். அந்தப் பஸ்ஸை ஜெசிந்தா எடுத்த புகைப்படத்துக்குப் பத்தே பிரதிகள். பத்தாவது வந்ததும், மேற்கொண்டு பிரதி போட முடியாதபடி நெகட்டிவை வெட்டிவிடுவதாக, வாங்கியவர்களுக்கு எழுதியே கொடுத்திருந்தாள். வெட்டுவதை நேரில் பார்க்கத்தான் கண்காட்சிக்காரர் எபநேசர் கத்தரியோடு, படம் கழுவும் இருட்டறைக்குள் நின்றார்.

முதல் பிரதியில், மேல் ஜன்னலில் ஒரு பெண்ணின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. நாலாவதில் காது. ஏழாவதில் மூக்குத்தி. அதே நெகட்டிவ்தான், அதே வெளிச்சம்தான். ஆனாலும் பிரதிக்குப் பிரதி அவள் திரும்பிக்கொண்டே வந்தாள். ஜெசிந்தா பயப்படாமல் அடுத்தடுத்த தாளைப் போட்டாள்.

மருந்துத் தட்டில் பத்தாவது தாளில் படம் மெல்லக் கறுத்து எழுந்தது. ஜன்னல் பெண் நேராகவே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தாள்.

“சார், வெட்டிரலாமா?”

எபநேசர் அந்தப் பெண்ணின் கண்ணில் படாமல் கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “என்னம்மா அவசரம்? இன்னொண்ணு போடு. விக்க வேணாம்.”

ஜெசிந்தா ஏற்கெனவே அடுத்த தாளை எடுத்திருந்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டின் மேல் குனிந்தார்கள். இந்த முறை முதலில் உதடுகள்தான் கறுத்தன.

“சொல்லும்மா,” என்றார் எபநேசர்.