கோலமில்லாத வாசல்

சிட்லபாக்கத்துக்குக் குடிவந்த வாரத்திலேயே மஹாலட்சுமிக்குக் குப்பை கொட்ட இடம் கிடைத்துவிட்டது. எதிரே கேட்பாரற்ற ஒரு வீடு. கொட்டியதைப் பேரூராட்சி ஆட்கள் சாயங்காலத்துக்குள் அள்ளியும் விடுகிறார்கள்.

அன்றும் பக்கெட்டைக் கவிழ்த்தாள். மீன்காரி அங்காளம்மா கூடையோடு நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, ஆள் கீற வூட்டு வாசல்ல கொட்டிக்கினு கீற?"

"ஆள் இருக்காங்களா? ஒருநாள்கூட வாசல்ல கோலமே இல்லையே!"

"பாய் வூடுக்கா. அவங்க இன்னாத்துக்குக் கோலம் போடப் போறாங்க?"

கேட் திறந்தது. துடைப்பமும் முறமுமாக ஒரு பெண் வந்தாள். மஹாலட்சுமியின் கை தானாகவே பக்கெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது.

"எதிர்வீடாக்கா? கோலம் ரொம்ப அழகா போடுறீங்க" என்றவள், குனிந்து குப்பையை அள்ளத் தொடங்கினாள். "கொஞ்சம் கவனமா இருங்கக்கா. யாரோ தினம் வந்து கொட்டிட்டுப் போறாங்க. உங்க கோலத்து மேலயும் கொட்டிடப் போறாங்க!"